குன்னூரில் இருந்தபடியே ஒரு ஆல்டர்னேட்டிவ் ராக் பேண்டை ஓட்ட முடியுமா, இல்லை கலைத்துவிடலாமா?

பெட்ஃபோர்டு_பேஸ் (குன்னூர்)

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நான்கு பேர். ஊட்டியில் கல்லூரி படிக்கும்போது ஆரம்பித்த பேண்ட், இப்போது ஆறு வருடம் ஆகிறது. நான் பேஸ் கிட்டார். பாடுவதும் வரிகள் எழுதுவதும் ஒருத்தி. கிட்டார் ஒருவன், டிரம்ஸ் ஒருவன். ஒத்திகை அருவங்காட்டில், டிரம்மர் வீட்டின் பழைய மாட்டுக்கொட்டகையில். மாடு போய் வருடக்கணக்காகிறது, வாசனை மட்டும் மழைக்காலத்தில் திரும்பி வரும்.

வயிற்றுப்பாட்டுக்கு ரிசார்ட் ஷோ. ஏப்ரல், மே சீசனில் வாரம் மூன்று கூட வரும், செப்டம்பர் அக்டோபரில் இரண்டாவது சீசன், மற்ற மாதங்களில் ஈ ஓட்டுகிறோம், அந்தக் குளிரில் ஈ கூட வருவதில்லை. அங்கே கேட்பதெல்லாம் சினிமாப் பாட்டும் பழைய ஆங்கிலப் பாட்டும்தான். சொந்தப் பாட்டு எடுத்தால் மேனேஜர் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். போன மே மாதம் ஒரு இடத்தில் மூன்று ராத்திரி வாசித்தோம், ஒரு ராத்திரிக்கான காசு இன்னும் வரவில்லை, கேட்டால் அக்கவுண்ட்ஸ்காரர் லீவு.

சொந்தமாகப் பதினொரு பாட்டு இருக்கிறது, தமிழில். மூன்றை ஆன்லைனில் போட்டிருக்கிறோம். அதில் ஒன்று மட்டும் எப்படியோ வெளியூரில் கொஞ்சம் பேர் கேட்கிறார்கள். தேயிலை விலை இறங்கிய வருடம் பற்றிய பாட்டு. பிரச்சனையும் அதில்தான் ஆரம்பித்தது. சினிமாவோடு தொடர்புள்ள ஒருவர் அதை மொத்தமாகக் கேட்கிறார், ஒரே தொகை, எல்லா உரிமையும் அவர்களுக்கு. பாடுகிறவள் சொல்கிறாள், வரி என்னுடையது, நான்தான் முடிவு செய்வேன் என்று. கிட்டார்காரன் சொல்கிறான், அந்த ஆரம்ப ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற கிட்டார் மெட்டு, இல்லையென்றால் அந்தப் பாட்டை யார் கேட்பார்கள் என்று. டிரம்மர் எதுவும் சொல்வதில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதற்கு நடுவில் கிட்டார்காரனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. எல்லோரும் அங்கேயே வந்துவிடலாம் என்கிறான். டிரம்மருக்கு இரண்டு ஏக்கர் தேயிலை, வயதான அப்பா. அவனால் வர முடியாது.

என் கேள்வி இதுதான். சினிமா இல்லாமல், பெரிய கம்பெனி இல்லாமல், சின்ன ஊரிலிருந்து கிளம்பிய பேண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தன? எங்கே உடைந்தன? ஊர் மாறினால் சரியாகுமா? உணர்ச்சிவசப்பட்டு "கனவைக் கைவிடாதே" என்று மட்டும் எழுதாதீர்கள், அதை வீட்டில் அத்தையே சொல்கிறார்.

---

சும்மா_சுந்தரம்

பாட்டை விற்றுவிட்டு சினிமாவுக்குள் போய்விடுங்கள் ப்ரோ. தமிழ்நாட்டில் ராக் யார் கேட்கிறார்கள்? ராஜா சார் எல்லாவற்றையும் எப்போதோ போட்டு முடித்துவிட்டார்.

---

பழைய_கேசட் (உதகை)

சுந்தரம், ராஜா சார் பெயரைச் சொன்னதால் உன்னோடு சண்டை போட மனசில்லை.

தம்பி பெட்ஃபோர்டு, 90களில் நாங்களும் ஐந்து பேர் ஊட்டியில் வாசித்தோம். போர்டிங் ஸ்கூல் பிள்ளைகள் லீவு முடிந்து வரும்போது கொண்டுவரும் கேசட்டை இரவல் வாங்கி, பிரதி எடுத்து, அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எடுத்து, கடைசியில் டிரம்ஸ் சத்தம் மழைச்சத்தம் மாதிரி ஆகும் வரை கேட்டுக் கற்றுக்கொண்டோம். அப்படி வந்ததுதான் எனக்கு ஆர்.ஈ.எம். என்ற பேண்ட். அவர்களுடைய கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உன் கேள்வி பாதி அவர்கள் கேள்விதான்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்று ஒரு ஊர். பெரிய நகரம் கிடையாது, பல்கலைக்கழகம் இருக்கிற ஊர், அவ்வளவுதான். 1980 ஏப்ரலில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில், ஒரு தோழியின் பிறந்தநாளுக்கு நான்கு பேர் வாசித்தார்கள். அடுத்த வருடம் ஒரு குட்டிக் கம்பெனியில் முதல் சிங்கிள். 1983-ல் முதல் முழு ஆல்பம், அதுவும் ஐ.ஆர்.எஸ். என்ற சின்ன லேபிளில். அங்கேயே ஐந்து ஆல்பம் போட்டுவிட்டு 1988-ல்தான் வார்னர் என்ற பெரிய கம்பெனிக்குப் போனார்கள். உலகமே பாடிய அந்த மாண்டலின் பாட்டு, லூசிங் மை ரிலிஜன், வந்தது 1991-ல். கணக்குப் போட்டுப் பார், பதினோரு வருடம். நீங்கள் ஆறில்தான் இருக்கிறீர்கள். அத்தனை வருடத்தில் நியூயார்க்குக்கோ லாஸ் ஏஞ்சலஸுக்கோ அவர்கள் குடிபோகவில்லை. ஏதென்ஸ்தான் தலைமையகம்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஊர் பற்றி இல்லை. ஆரம்பத்திலிருந்தே ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். பாட்டின் விதை யாருடையதாக இருந்தாலும் நான்கு பேர் பெயரும் போடுவது, பணத்தையும் சமமாகப் பிரிப்பது. பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப், ஆங்கில அகர வரிசையில். வரி எழுதியது பெரும்பாலும் பாடகர் ஸ்டைப். டிரம்மர் பெர்ரி சும்மா டிரம்மர் இல்லை, பாட்டு கொண்டுவருகிறவர். ஆனால் யார் கொண்டுவந்தது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை.

1995-ல் சுவிட்சர்லாந்தில் மேடையிலேயே பெர்ரிக்கு மூளை ரத்தக்குழாய் வெடித்து விழுந்தார். பிழைத்துத் திரும்பி வந்து வாசித்தார். 1997-ல், போதும், விலகுகிறேன் என்றார். நான் போவதால் பேண்ட் கலையும் என்றால் போகமாட்டேன் என்றும் கூடவே சொன்னார். மற்ற மூவரும் தொடர்ந்தார்கள், அவர் விவசாயத்துக்குப் போய் வைக்கோல் விளைத்தார். 2011-ல் பேண்ட் கலைந்தபோதும் அடிதடி இல்லை. 2024-ல் பாடலாசிரியர்களுக்கான ஒரு கௌரவ விழாவில் நால்வரும் ஒன்றாக நின்று வாசித்தார்கள். சண்டை போட்டுப் பிரிந்தவர்களால் அப்படி நிற்க முடியாது.

நாங்கள் எதனால் உடைந்தோம் தெரியுமா? ஒரு ஆம்ப்ளிஃபயர். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார வாத்தியாரிடம் ஐந்து பேரும் காசு போட்டு வாங்கினோம். யார் வீட்டில் வைப்பது என்று தொடங்கி, ஈரத்தில் ஸ்பீக்கர் கெட்டபோது யார் சரிசெய்வது என்று வளர்ந்து, கடைசியில் ஒருவன் கல்யாணத்துக்கு மற்றவன் போகாத அளவுக்குப் போனது. ஆம்ப் இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது, பூஞ்சை பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு எரிகிறது. முப்பது வருடமாக கரண்ட் பில் கட்டுகிறேன், வாசிப்பதில்லை. என் வீட்டுக்காரி இதைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதை இங்கே எழுத முடியாது.

---

கட்டபெட்டு_காற்று

அண்ணா எழுதியது அழகாக இருக்கிறது, ஆனால் பாதியோடுதான் ஒத்துப்போகிறேன்.

நான் கோத்தகிரிப் பக்கத்துப் படுகர் வீட்டுப் பெண். பத்து வருடமாகப் பெங்களூரில் லைவ் சவுண்ட் வேலை. ஏதென்ஸைச் சின்ன ஊர் என்று சொல்லிக் குன்னூரோடு ஒப்பிட்டால் ஆபத்து. அது ஆயிரக்கணக்கில் மாணவர்கள் இருக்கும் ஊர். பி-52ஸ் என்ற இன்னொரு பேண்ட் அங்கிருந்து முன்பே வெளியே போய் வழி காட்டியிருந்தது. ரெக்கார்டு கடை, வாசிக்க இடம், கல்லூரி ரேடியோ எல்லாம் இருந்தது. அதிலும் முக்கியம், அவர்கள் ஊரில் உட்கார்ந்திருக்கவில்லை, வேனில் ஏறி ஊர் ஊராகச் சுற்றினார்கள். குடியிருப்பது ஒரு ஊர், வாசிப்பது பல ஊர். நீங்கள் குடியிருப்பதும் குன்னூர், வாசிப்பதும் குன்னூர். அதுவும் கேட்க வராதவர்கள் முன்னால்.

என்னைக் கேட்டால் உங்கள் கஷ்டம் மலை இல்லை, ரிசார்ட். அங்கே வருகிறவர்கள் குளிர்காய வருகிறார்கள், பின்னால் ஏதோ ஒரு சத்தம் வேண்டும். ஆறு வருடம் அதற்கு வாசித்தால் விரல் பழகும், ஆட்கள் சேரமாட்டார்கள்.

வாஷிங்டனில் ஃபுகாஸி என்று ஒரு பேண்ட், 80களின் கடைசியில் ஆரம்பித்தது. பெரிய கம்பெனி எதிலும் கையெழுத்துப் போடவில்லை. பாடகர்களில் ஒருவர் முன்பே நண்பரோடு சேர்ந்து தொடங்கி வைத்திருந்த டிஸ்கார்ட் என்ற சொந்த லேபிளில்தான் எல்லா ஆல்பமும். டிக்கெட் பெரும்பாலும் ஐந்து டாலர், எந்த வயதுக்காரரும் வரலாம். டி-ஷர்ட் கூட விற்கவில்லை. மது விற்கும் இடங்களில் சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் தேவாலயக் கூடம், சமுதாயக் கூடம் என்று தேடிப்போய் வாசித்தார்கள். பெரும்பாலான ஷோக்களைப் பதிவு செய்து வைத்துக்கொண்டே வந்தார்கள், 2011-லிருந்து அதையெல்லாம் இணையத்தில் வைத்தார்கள், எண்ணூறுக்கும் மேற்பட்ட கச்சேரி. 2003-லிருந்து பேண்ட் வாசிப்பதில்லை, ஆனால் கலைந்துவிட்டோம் என்றும் சொல்லவில்லை. அது தலைநகரம், உங்களுக்கு அது இல்லை, சரி. ஆனால் கூடம் உங்களிடமும் இருக்கிறதே. குன்னூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் டைனிங் ஹாலை மழைக்கால வாரநாளில் கேட்டுப்பாருங்கள், ரிசார்ட் மேடையைவிட நாற்பது பேர் உட்கார்ந்து கேட்கிற அந்த ஹால் உங்களுக்கு அதிகம் தரும். மிக்ஸரிலிருந்து இரண்டு சேனல் எடுத்து ஒவ்வொரு தடவையும் பதிவு செய்யுங்கள். செலவே இல்லை.

வேலையை விடுவது பற்றி. டேடன் என்ற ஒஹையோ ஊரில் கைடட் பை வாய்சஸ் என்ற பேண்ட். அதன் தலைவர் ராபர்ட் பொலார்ட் பள்ளிக்கூட வாத்தியார். சாயங்காலத்தில் நண்பர்களோடு வீட்டுக் கீழறையில் நாலு டிராக் டேப் மெஷினில் பதிவு செய்வார்கள். 1992-ல் இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக் கடைசி ஆல்பமாக ஐந்நூறு பிரதி போட்டார்கள், ஐந்நூறுக்கும் அட்டை கையால் செய்தது, ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அதுதான் வெளியே பரவியது. 1994-ல் வந்த ஆல்பம் அந்த வகை இசை கேட்கிறவர்களிடையே அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது, அதற்குப் பிறகுதான் அவர் வாத்தியார் வேலையை விட்டார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. உங்கள் டிரம்மர் தேயிலையைப் பார்த்துக்கொண்டே வாசிக்கட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. இலை பறிக்கிற நாளைப் பார்த்து ஷோ தேதி வையுங்கள். எங்கள் வீட்டில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு எவ்வளவு பெரிய ஷோ வந்தாலும் ஜனவரியில் நான் ஊரில்தான் இருப்பேன், பெங்களூரில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்தப் பாட்டை இப்போதுதான் தேடிக் கேட்டேன். ஆரம்ப ரிஃப் எங்கிருந்து வந்தது? கோத்தர் குழலில் கேட்ட மாதிரி இருக்கிறது.

---

பெட்ஃபோர்டு_பேஸ் (குன்னூர்)

அக்கா, மாட்டிக்கொண்டேன். கிட்டார்காரன் ஒரு திருவிழாவில் போனில் பதிவு செய்தான். அதை அப்படியே எடுக்கவில்லை, கொஞ்சம் மாற்றி, டிஸ்டார்ஷன் போட்டுச் சத்தத்தைக் கரகரப்பாக்கி வாசித்தான். நாங்கள் யாரும் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பழைய கேசட் அண்ணா, அந்த ஆம்ப் கதையை டிரம்மருக்கு அனுப்பினேன். ஒரு சிரிப்புப் பொம்மை போட்டான், அவனிடமிருந்து இரண்டு வாரத்தில் வந்த முதல் பதில்.

---

கட்டபெட்டு_காற்று

யோசிக்கவே இல்லை என்பதுதான் விஷயம். எங்கள் மலையில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கிறவர்கள் கோத்தர்கள். ஒரு காலத்தில் தோடர் வீட்டுச் சாவுக்கும் படுகர் வீட்டுச் சாவுக்கும் அவர்கள்தான் வந்து வாசித்தார்கள். எங்கள் பாட்டி காலத்தில் அதற்குத் தானியம் கொடுப்பார்கள், அதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்தார்கள். என் ஜனங்கள் அவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஊர் மொத்தம் ஏழு. எந்த மெட்டு எந்தச் சடங்குக்கு என்று அவர்களுக்குக் கணக்கு உண்டு, சாமிக்கு வாசிப்பதைச் சாவுக்கு வாசிக்கமாட்டார்கள். உங்கள் ஆள் எடுத்தது எதற்கான மெட்டு என்று அவனுக்கே தெரியாது. தேயிலை விலை பற்றிய பாட்டுக்குச் சாவு மெட்டை வைத்திருந்தால் பொருத்தம்தான், ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பழைய மெட்டுக்குச் சட்டத்தில் ஒரு ஆள் பெயர் இருக்காது, அதனால் கேஸ் வராது. கேஸ் வராது என்பது வேறு, கேட்காமல் எடுப்பது வேறு. நேரில் போய்ப் பெரியவர்களிடம் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் மாற்றிவிடுங்கள். சரி என்றால் வாசித்தவர் பெயரைப் போட்டு, வருகிற காசில் பங்கு கொடுங்கள். இதை முடிக்காமல் சினிமாக்காரருக்கு எல்லா உரிமையும் எழுதிக் கொடுத்தால், உங்களுடையது அல்லாத ஒன்றை விற்கிறீர்கள்.

---

கணக்குப்பிள்ளை (கோவை)

எழுதிக் கொடுப்பது பற்றி நான் சொல்கிறேன், என் பிழைப்பு அதுதான். கோவையில் சில இசைக்காரர்களுக்குக் கணக்கும் ஒப்பந்தமும் பார்க்கிறேன். வக்கீல் இல்லை, கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் கட்டாயம் காட்டுங்கள்.

ஒரு பாட்டில் மூன்று தனித்தனி உரிமை இருக்கிறது, இதைத்தான் பேண்டுகள் குழப்பிக்கொள்கின்றன. வரிகள் ஒன்று, அது எழுதியவருடையது. இசை இன்னொன்று, அது இசையமைத்தவருடையது, நொட்டேஷன், அதாவது ஸ்வரக்குறிப்பு, எழுதியிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. மூன்றாவது ஒலிப்பதிவு, அது அந்தப் பதிவைச் செலவு செய்து ஏற்பாடு செய்தவருடையது. ஆகவே உங்கள் பாடகி சொல்வது வரிகளுக்கு மட்டும் சரி. அவரால் தனியாகப் பாட்டை விற்க முடியாது. கிட்டார்காரராலும் முடியாது. பதிவுக்கு யார் காசு கொடுத்தது? நான்கு பேரும் என்றால் அதை இன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள். சண்டை முற்றிய பிறகு எழுதினால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி ஞாபகம் இருக்கும்.

ஒரே தொகை, எல்லா உரிமையும் என்று சொன்னாரே, அதில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். படத்தில் சேர்க்கப்படும் பாட்டின் வரியாசிரியரும் இசையமைப்பாளரும், தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்றப் பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் தங்கள் சமபங்கை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்தேன் என்று எழுதி வாங்கினாலும் அது செல்லாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்றலாம். அந்தச் சங்கம் ஐ.பி.ஆர்.எஸ். வரி எழுதியவரும் இசை போட்டவரும் தனித்தனியாக உறுப்பினராகச் சேருங்கள், ஒவ்வொரு பாட்டிலும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று அங்கே பதிய வேண்டும். பழைய கேசட் அண்ணா சொன்ன ஆர்.ஈ.எம். ஏற்பாட்டை நீங்கள் நடைமுறையில் செய்கிற இடம் அதுதான்.

ஒப்பந்தத்தில் எத்தனை வருடம், எந்த நாடு என்று பார்க்கவும். வருடம் எழுதாமல் விட்டால் சட்டப்படி ஐந்து வருடம்தான், நாடு எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும்தான். அதனால்தான் அவர்கள் "நிரந்தரமாக, அண்டம் முழுவதும்" என்று எழுதுவார்கள். சிரிக்காதீர்கள், அண்டம் என்றே எழுதி வந்த தாளைப் பார்த்திருக்கிறேன், செவ்வாய் கிரகத்திலும் அவர்களுக்குத்தான். நீங்கள் உரிமையை விற்காமல், குறிப்பிட்ட படத்துக்கு, குறிப்பிட்ட வருடத்துக்கு உபயோகிக்க அனுமதி மட்டும் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் மறுக்கட்டும்.

ஸ்ட்ரீமிங் காசை நம்பாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் 2024-லிருந்து ஒரு பாட்டு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை கேட்கப்பட்டிருந்தால்தான் கணக்கிலேயே வரும். உங்கள் மூன்றில் இரண்டு அதைத் தாண்டவில்லை என்று நினைக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டை ஏற்றுகிற சில சேவைகளில் ஆண்டுச் சந்தா கட்டாமல் விட்டால் பாட்டையே எடுத்துவிடுவார்கள், சந்தா யார் பெயரில் இருக்கிறது? பேண்டை விட்டுப் போகப்போகிறவர் பெயரில் இருந்தால் முதல் வேலையாக மாற்றுங்கள்.

---

பெட்ஃபோர்டு_பேஸ் (குன்னூர்)

சந்தா கிட்டார்காரன் பெயரில்தான். அட ராமா.

---

பழைய_கேசட் (உதகை)

நாங்கள் ஆம்ப் வைத்துச் சண்டை போட்டோம், நீங்கள் பாஸ்வேர்டு வைத்து. காலம் மாறிவிட்டது.

தம்பி, எப்படிச் சொல்லிக்கொள்கிறோம் என்பதும் முக்கியம். பாஸ்டனில் பிக்ஸீஸ் என்ற பேண்ட், 1986-ல் தொடங்கி ஆறேழு வருடத்தில் அவர்கள் செய்ததைப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் காப்பி அடித்தார்கள். 1993-ல் தலைவர் ஒரு ரேடியோ பேட்டியில் பேண்ட் முடிந்தது என்று சொல்லிவிட்டார், கூட வாசித்தவர்களுக்கே அப்போது தெரியாது. அப்புறம் ஒருவருக்குப் போன், மற்ற இருவருக்கு ஃபேக்ஸ். 2004-ல் மறுபடி சேர்ந்தார்கள், நல்ல கூட்டம் வந்தது. ஆனால் நடுவில் போன பதினோரு வருடம் போனதுதான். உன் டிரம்மருக்கு ஃபேக்ஸ் அனுப்பாதே. நேரில் போய் உட்கார்.

---

சும்மா_சுந்தரம்

எல்லாம் வெள்ளைக்காரன் கதையாகவே இருக்கிறதே, நம்ம ஊரில் யாரும் இல்லையா? சும்மா கேட்கிறேன்.

---

கட்டபெட்டு_காற்று

சுந்தரம் முதல் தடவையாக நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்.

கேரளத்தில் அவியல் என்ற பேண்ட். 2008-ல் முதல் ஆல்பம், முழுக்க மலையாளம், அதுவும் சினிமா மலையாளம் இல்லை. மலையாளத்தில் ராக் பாடினால் எடுபடாது என்ற பேச்சு அதோடு அடங்கியது. டெல்லியில் இந்தியன் ஓஷன், 1990-லிருந்து. அவர்கள் ஆல்டர்னேட்டிவ் இல்லை என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள். 2010-ல் ஒரு ஆல்பத்தை மாதம் ஒரு பாட்டாக இலவசமாகவே கொடுத்தார்கள். காசு கச்சேரியில் வரும், பாட்டு ஆட்களைக் கூட்டும் என்ற கணக்கு. முந்தைய வருடம்தான் அவர்களுடைய பாடகரும் தாள வாத்தியக்காரருமான அசீம் சக்ரவர்த்தி இறந்துபோயிருந்தார், அவர் குரல் அந்த ஆல்பத்தில் இருக்கிறது. பெங்களூரில் தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் 1996-லிருந்து வாசிக்கிறார்கள், கூடவே இசைப்பள்ளி ஒன்று நடத்துகிறார்கள். அந்தப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பையன்களுக்கு நான் மைக் வைத்திருக்கிறேன். சென்னையில் 2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழுவினர் முதல் தடவை மேடை ஏறினார்கள், கானாவும் பறையும் ராப்பும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடையில், தமிழில், நேருக்கு நேராகச் சாதியைப் பற்றி. கொடைக்கானலை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் சோஃபியா அஷ்ரஃப் அங்கிருந்த தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு பற்றி ஒரு ராப் வீடியோ செய்தார், பல லட்சம் பேர் பார்த்தார்கள். தொழிலாளர்கள் வருடக்கணக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள், அந்த வீடியோவுக்குப் பிறகு வெளியே இருந்தவர்களும் பேச ஆரம்பித்தார்கள். 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களுக்காக உடன்பாடு வந்தது. பாட்டால் வந்தது என்று நான் சொல்லவில்லை. மலையில் நடந்ததைப் பாடினால் மலைக்கு வெளியே கேட்க ஆள் இருக்கிறார்கள் என்று சொல்கிறேன். உங்கள் தேயிலைப் பாட்டும் அந்த வகைதான்.

பெங்களூருக்குக் குடிபோவது பற்றி என் கருத்து: வேண்டாம். வாடகை கொடுப்பதற்கே கவர் பாட்டு, அதாவது அடுத்தவர் பாட்டு, வாசிப்பீர்கள், அதாவது இதே ரிசார்ட் வேலை, டிராஃபிக்கோடு. கோவையைப் பிடியுங்கள். மலை இறங்கினால் இரண்டரை மணி நேரம், அங்கே கல்லூரிகள் எத்தனை இருக்கின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாதம் ஒரு ஷோ அங்கே, மூன்று மாதத்துக்கு ஒன்று பெங்களூர், அப்போது கிட்டார்காரன் அங்கேயே இருப்பான், தங்க இடமும் ஆச்சு. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண்சரிவு வரும் நவம்பரில் மட்டும் தேதி வைக்காதீர்கள். கோத்தகிரி வழியில் வந்துவிடலாம் என்று நினைத்து ஒரு தடவை அரவேனுவில் ஐந்து மணி நேரம் நின்றிருக்கிறேன், டீக்கடைக்காரர் கடைசியில் காசு வாங்க மறுத்துவிட்டார்.

---

பெட்ஃபோர்டு_பேஸ் (குன்னூர்)

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் கொட்டகையில் உட்கார்ந்தோம். வாத்தியத்தை எடுக்கவில்லை. ஆர்.ஈ.எம். ஏற்பாட்டைச் சொன்னேன். பாடுகிறவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை, அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் ராத்திரி முழித்து எழுதுகிறேன், நீங்கள் ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு சமபங்கா என்றாள். கடைசியில் வரிகள் முழுக்க அவள் பெயரில், இசை நான்கு பேர் பெயரில், ஒலிப்பதிவு நான்கு பேருடையது என்று எழுதினோம். முழுச் சமம் இல்லை, ஆனால் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். டிரம்மர் பேசினான். இத்தனை நாள் அவன் பேசாமல் இருந்ததற்குக் காரணம் காசு இல்லை, அவனைக் கேட்காமலேயே பெங்களூர் என்று முடிவு செய்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறான். கிட்டார்காரன் பெங்களூர் போகிறான், மாதம் இரண்டு வார இறுதியில் ராத்திரி பஸ் பிடித்து வருவதாகச் சொல்கிறான். எவ்வளவு நாள் வருவான் என்று பார்க்க வேண்டும், எனக்கு முழு நம்பிக்கை இல்லை. பாஸ்வேர்டு இப்போது நான்கு பேரிடமும் இருக்கிறது.

நானும் அவனும் கோத்தகிரிப் பக்கம் போய் ஒரு பெரியவரிடம் பாட்டைப் போட்டுக் காட்டினோம். முழுசாகக் கேட்டார். இது சாவுக்கும் இல்லை, சாமிக்கும் இல்லை, ஆட்டத்துக்கு வாசிப்பது, வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் தப்பாக வாசிக்கிறீர்கள் என்றார், மூன்றாவது திருப்பத்தில் ஒரு அடி விட்டுப்போயிருக்கிறதாம். அவர் பேரன் அடுத்த மாதம் கொட்டகைக்கு வந்து சொல்லித்தருகிறேன் என்றிருக்கிறான். திரும்பப் பதிவு செய்யப் போகிறோம்.

சினிமாக்காரரிடம் கணக்குப்பிள்ளை சொன்னபடி அனுமதி மட்டும் என்று எழுதி அனுப்பினோம். பதில் இல்லை.

---

கணக்குப்பிள்ளை (கோவை)

பேரனுக்கும் தாளில் ஒரு வரி போடுங்கள், வாசிக்க ஆரம்பிப்பதற்கு முன். ரிசார்ட் பாக்கிக்கு மெயிலில் பில்லும் நினைவூட்டலும் அனுப்பி வையுங்கள், போனில் கேட்டதற்கு ஆதாரம் இருக்காது.

---

பழைய_கேசட் (உதகை)

திரும்பப் பதிவு செய்கிறீர்கள் என்றால் அந்த ஆம்பை வந்து எடுத்துக்கொண்டு போங்கள். கூட காசு போட்ட நான்கு பேரில் மூன்று பேரைப் போனில் பிடித்துக் கேட்டுவிட்டேன், சரி என்றார்கள். ஒருவனோடு பேசி இருபத்தேழு வருடம் ஆகியிருந்தது, ஆம்ப் பற்றித்தான் முக்கால் மணி நேரம் பேசினோம். நான்காமவன் நம்பர் கிடைக்கவில்லை, அவன் அண்ணன் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தான், நாளைக்குப் போய் விசாரிக்கிறேன். ஸ்பீக்கர் கோன் மாற்ற வேண்டியிருக்கும். அப்புறம், அது அமெரிக்க ஆம்ப், 110 வோல்ட். நேரடியாகச் சுவரில் செருகிவிடாதீர்கள்.

---

பெட்ஃபோர்டு_பேஸ் (குன்னூர்)

சனிக்கிழமை டிரம்மர் ஜீப்பில் வருகிறோம் அண்ணா. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் உங்களிடம் இருக்கிறதா, இல்லை கோவையில் வாங்க வேண்டுமா?

---

பழைய_கேசட் (உதகை)

இருக்கிறது. அலமாரியின் கீழ்த்தட்டில், பல்புக்குப் பக்கத்தில். தூக்க இரண்டு பேர் வேண்டும்.